கேன்டீன்காரன் டயட் இருந்தால்

சாப்பிட வந்தவனே "சோறு வேண்டாம்" என்று சோறு போடுகிறவனிடம் சண்டை பிடிக்கிற தொழில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருக்கிறது, அது தொழிற்சாலை கேன்டீன்.

ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் கேன்டீனில் நான் சூப்பர்வைசர். கான்ட்ராக்ட் ஆள்தான். நான் சேர்ந்த காலத்தில் வந்த புகார், சோறு போதவில்லை என்பது. இப்போது வரும் புகார், இவ்வளவு சோறு எதற்கு என்பது. நடுவில் நடந்தது என்னவென்றால், செல்போன் கடை மாடியில் ஒன்று, ஹார்டுவேர் கடை மாடியில் ஒன்று, பல் டாக்டர் மாடியில் ஒன்று என்று ஓசூரில் தெருவுக்குத் தெரு ஜிம் வந்துவிட்டது.

இதைப் படிக்கிற உங்களிலும் ஜிம்மில் சேர்ந்தவர்கள் இருப்பீர்கள். சேர்ந்து நின்றவர்கள் இருப்பீர்கள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து சேரப்போகிறவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பரோட்டா வாசனை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவைக் கடக்கிறவர்கள் நாமெல்லாம். ஆகவே உங்களிடம் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

முட்டைத் தகராறு

புதன்கிழமை எங்கள் கேன்டீனில் முட்டை நாள். அவித்த முட்டை, ஆளுக்கு ஒன்று. ஒரு புதன்கிழமை பிரகாஷ் வரிசையில் வந்து நின்று, "அண்ணா, எனக்கு வெள்ளை மட்டும் போதும். மஞ்சளை எடுத்துடுங்க" என்றான். பிரகாஷ் அஞ்செட்டிப் பக்கத்து மலை கிராமத்துக்காரன், தகடுகளை அழுத்தி வடிவமைக்கிற பிரஸ் ஷாப்பில் ட்ரெயினி. சட்டைக் கை அவனுக்கு மட்டும் இறுக்கமாக இருக்கும். அவனுக்குப் பின்னால் அவனோடு ஜிம்முக்குப் போகிற கூட்டம் மொத்தமும் நின்றது. எல்லோருக்கும் வெள்ளை மட்டும். மஞ்சள் கொழுப்பாம். விட்டுக்கொடுத்த மஞ்சளுக்குப் பதிலாக இன்னொரு வெள்ளை தரக்கூடாதா என்று வேறு கேட்டார்கள்.

எங்கள் சமையல் மாஸ்டர் நாராயணப்பா வீட்டில் பேசுவது தெலுங்கு, காய்கறிச் சந்தையில் பேசுவது கன்னடம், எங்களைத் திட்டுவது தமிழில். சாப்பாட்டை வீணாக்கினால் அவருக்குப் பொறுக்காது. ஒதுங்கிய மஞ்சள் கருவையெல்லாம் சேர்த்து, வெங்காயம் வதக்கி, மிளகைத் தட்டிப் போட்டுச் சுருளப் பிரட்டி ஆபீசர்கள் சாப்பிடும் அறைக்கு அனுப்பிவிட்டார். அங்கே அதற்கு ஏக வரவேற்பு. மெயின்டனன்ஸ் மேனேஜர் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "இதை வாராவாரம் போடுங்க" என்று உத்தரவும் போட்டார். போட்டோம்.

சில மாதம் கழித்து அவர் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் பிடித்துக்கொண்டு சமையல்கட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். கொழுப்பு ஏறிக் கிடக்கிறதாம். "என்ன எண்ணெய் ஊத்தறீங்க? மாத்திட்டீங்களா?" என்று என்னைப் பிடித்து உலுக்கினார். நாராயணப்பா கரண்டியை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "எண்ணெயும் மாறல சார், கோழியும் மாறல. முட்டைதான் பாகம் பிரிஞ்சிடுச்சு. வெள்ளை அந்தப் பசங்க பங்கு, மஞ்சள் உங்க பங்கு."

எது லாபம்?

எங்கள் ஹெச்.ஆர். மேடம் பெங்களூரிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். நல்ல மனசு. கத்திப் பேசி யாரும் கேட்டதில்லை. ஊழியர்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று அவருக்கு உண்மையான கவலை. அதனால் கேன்டீன் சுவரில் பெரிய பலகை ஒன்றை மாட்டச் சொன்னார். பூரி, லெமன் சாதம், வடை, சுண்டல், வெள்ளரிக்காய் என்று அன்றைய அயிட்டங்களும், ஒவ்வொன்றிலும் எத்தனை கலோரி என்ற எண்ணும் பச்சை எழுத்தில். ஒரு டோக்கனுக்கு எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். எண்ணைப் பார்த்தால் ஜனங்கள் தாமாகவே நல்லதை எடுத்துக்கொள்வார்கள் என்பது திட்டம்.

முதல் நாள் மேடம் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் நினைத்ததற்கு மாறாக எல்லோரும் பலகையை நின்று படித்தார்கள். சிலர் விரலை வைத்துப் படித்தார்கள். மேடத்தின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். படித்து முடித்தவர்கள் ஒருவர் விடாமல் பூரி வரிசைக்குப் போனார்கள். வழக்கமாக லெமன் சாதம் வாங்குகிறவர்கள்கூடப் பூரிக்கு மாறிவிட்டார்கள். வெள்ளரிக்காய் தட்டில் வியர்த்துக் கிடந்தது. பொறுக்க முடியாமல் மேடம் வெல்டிங் செக்‌ஷன்காரர் ஒருவரை நிறுத்தி, "போர்டைப் படிச்சீங்களே, அப்புறமும் பூரிதானா?" என்று கேட்டார். அவர் தட்டை மரியாதையாக மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னார்: "படிச்சதனாலதான் மேடம். வெள்ளரிக்காயில இருபதுதான் தர்றீங்க, பூரியில நானூறு தர்றீங்க, டோக்கன் ரெண்டுக்கும் ஒண்ணு. இத்தனை நாளா இது தெரியாம லெமன் சாதம் வாங்கி ஏமாந்துட்டேன்."

ராகி தினம்

பலகை தோற்றபின் வெள்ளிக்கிழமைகளில் அரிசியை நிறுத்திவிட்டு ராகிக் களி போடுவது என்று முடிவானது. மேடம் அதற்கு "மில்லட் டே" என்று பெயர் வைத்தார், வாசலில் பலூன் கட்டினார். ஆபீசர்கள் ஆளுக்கொரு களி உருண்டையைத் தட்டில் வைத்து, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். லைனில் வேலை செய்கிறவர்களோ முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாரம் முழுக்க வீட்டில் சாப்பிடுவது அதுதான், கம்பெனியிலாவது வெள்ளைச் சோறு கிடைக்கும் என்று வருகிறவர்கள் அவர்கள்.

மஞ்சுளா என்று ஒரு பெண், பிரஸ் ஷாப்பில் பாகங்களைச் சரிபார்க்கிற வேலை, கெலமங்கலத்திலிருந்து வருகிறவள். ரெண்டு பிள்ளைகள், மாமியார், மாடுகள் என்று அவளுக்கு வீட்டிலும் ஒரு ஷிஃப்ட் உண்டு. மேடம் அவளிடம், "இதுல எவ்வளவு சத்து தெரியுமா?" என்று ஆரம்பித்தார். மஞ்சுளா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "தெரியும் மேடம். எங்க வீட்டுல மூணு வேளையும் களின்னு சொன்னதுக்கு என்னைப் பொண்ணு பாக்க வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எழுந்தே போனாங்க. அவங்களுக்கு யாராச்சும் பலூன் கட்டிக் காட்டியிருக்கலாம்."

பஸ் போனாலும்

பிரகாஷ் ஒரு டப்பா புரோட்டீன் பவுடரை ஊருக்கு எடுத்துப்போயிருந்தான். பண்டிகை லீவில்கூட அவனுக்கு அது தவறக்கூடாது. இவன் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவன் தங்கையைப் பெண் பார்க்க ஆட்கள் வந்துவிட்டார்கள். வருவதாகச் சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். வீட்டில் பால் கொஞ்சம்தான் இருந்தது. அம்மா அலமாரியைப் பார்த்தாள். மகன் சம்பாதித்து வாங்கி வைத்திருக்கும் பெரிய டப்பா, மேலே சாக்லேட் படம். ஏதோ சத்து மாவு என்று நினைத்து, காபியில் தாராளமாக அள்ளிப்போட்டுக் கரைத்து, வந்த எல்லோருக்கும் பெரிய டம்ளரில் கொடுத்துவிட்டாள்.

லீவு முடிந்து வந்து இதை அவன் கேன்டீன் கவுன்டரில் நின்று சொன்னபோது அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகத்தோடு இருந்தான். ஒரு மாசத்துக்கு வைத்திருந்த பவுடர் போன துக்கம் ஒரு பக்கம். "பொண்ணு விஷயம் என்னாச்சுடா?" என்றேன். "ஓகே ஆயிடுச்சுண்ணா" என்றான். அங்கே பஸ் குறைவு. சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று எல்லோரும் அவசரப்படுத்தியபோது மாப்பிள்ளையின் அப்பா மட்டும் டம்ளரைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தாராம். கடைசியில் சொன்னாராம்: "பஸ் போனா போவுது விடுங்க. இந்தக் காபிக்கு மலையே ஏறி எறங்கி நடந்து போயிடலாம், இன்னும் ஒரு டம்ளர் ஊத்தச் சொல்லுங்க."

தெம்பு வரும் வழி

இனி என் கதை. கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் என் இடுப்பை அளந்த நர்ஸ், டேப்பை மறுபடியும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். ஹெச்.ஆர். மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கேன்டீன் நடத்துறவங்களே உதாரணமா இருக்கணும் இல்லையா?" என்றார். கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம். உதாரணமாக இருந்துவிடலாம் என்று பிரகாஷ் போகிற ஜிம்மிலேயே சேர்ந்தேன். அங்கிருந்த பயிற்சியாளர் என்னைவிட ரொம்பச் சின்னவர், ஆனால் எல்லோரும் கோச் என்று அழைத்ததால் நானும் கோச் என்றேன். அவர் என்னிடம், "காலையில ஒர்க்கவுட் பண்ணிட்டுப் போனா நாள் பூரா எனர்ஜியா இருப்பீங்க" என்று உறுதி கொடுத்தார்.

எனர்ஜி எந்தப் பக்கம் போனதோ தெரியவில்லை. முதல் வாரம் டம்ளரைத் தூக்கினால் கை ஆடியது. படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, அரிசி இருப்பைப் பார்க்க ஸ்டோர் ரூமுக்குள் போனவன் மூட்டை மேல் லேசாகச் சாய்ந்தேன். அதற்கப்புறம் நடந்தது எனக்குத் தெரியாது. எழுப்பியது தக்காளி போடுகிற பசவராஜ். அவர் வண்டி முழுக்கக் கூடையைத் தனியாளாக இறக்கி அடுக்கிவிட்டு, என் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். ஜிம்முக்குப் போவதையும், தெம்பு வருவதற்காகத்தான் போகிறேன் என்பதையும் வாய் குழற விளக்கினேன். அவர் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "அப்போ இந்தக் கூடையெல்லாம் நீங்களே எறக்கியிருக்கலாமே சார், எனக்குத் தூக்கம் மிச்சம், உங்களுக்கு ஜிம்மு மிச்சம்."

உப்பு

ஒரு மாதம் போயும் எடை அசையவில்லை. கோச்சுக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. "உண்மையைச் சொல்லுங்க, என்னென்ன சாப்பிடறீங்க?" என்றார். உண்மையைத்தான் சொன்னேன். காலையில் ரெண்டு இட்லி, மத்தியானம் கொஞ்சம் சோறு, ராத்திரி சப்பாத்தி. "நடுவுல?" நடுவில் ஒன்றும் கிடையாது, ருசி பார்ப்பது மட்டும்தான். "ருசின்னா?" சாம்பார் ஒரு கரண்டி, ரசம் ஒரு கரண்டி, பொரியல் கொஞ்சம், பாயசம் இருந்தால் பாயசம். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும். வடை வெந்துவிட்டதா என்பது கடித்துப் பார்த்தால்தானே தெரியும்? கோச் தலையில் கை வைத்துக்கொண்டு, "அது ருசி இல்ல சார், அது இன்னொரு சாப்பாடு. இன்னியிலேருந்து நிறுத்துங்க" என்றார்.

நிறுத்தினேன். ருசி பார்க்கிற பொறுப்பை நாராயணப்பாவிடம் ஒப்படைத்தேன். அவருக்கு ரத்தக் கொதிப்பு என்பதும், அவர் வீட்டில் உப்பை அடியோடு குறைத்து ரொம்ப நாளாகிறது என்பதும், அந்த நாக்குக்கு எல்லாமே உப்பாகத் தெரியும் என்பதும் எனக்கு அப்போது தோன்றவில்லை. அன்றைக்குச் சாம்பார், ரசம், பொரியல் மூன்றும் வெந்நீர் மாதிரி போய்ச் சேர்ந்தன. தட்டுகள் அப்படியே திரும்பி வந்தன. மறுநாள் நாராயணப்பா ரோஷத்தில் கை நிறைய அள்ளிப்போட, ஆட்கள் குழாயடியில் வரிசையில் நின்றார்கள். மூன்றாம் நாள் தொழிலாளர் கமிட்டி வந்து என் எதிரே உட்கார்ந்துவிட்டது. கான்ட்ராக்ட்டை வேறு ஆளுக்கு மாற்றலாம் என்றுகூட ஒருவர் பேசினார். என் கீழே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பாத்திரத்தைக் கழுவுவதுபோல் பாவனை செய்துகொண்டு காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒளிக்காமல் சொன்னேன்: டயட்டில் இருக்கிறேன், அதனால் ருசி பார்க்கவில்லை. கமிட்டியில் மூத்தவர், இரண்டு நாள் பசியோடு லைனில் நின்ற மனுஷன், எழுந்து கரண்டியில் சாம்பாரை எடுத்து என்னிடம் நீட்டினார்: "தம்பி, இளைக்கணும்னு ஆசைப்பட்டது நீங்க. இளைச்சது நாங்க. இந்தாங்க, வாயைத் திறங்க."

காலியான சைக்கிள்

ஹெச்.ஆர். மேடம் பெண் ஊழியர்கள் சிலருக்குக் கம்பெனி செலவில் ஜிம் ஏற்பாடு செய்து கொடுத்தார். முதல் ஷிஃப்ட் முடிந்து சாயங்காலம் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும். மஞ்சுளாவும் சேர்ந்தாள். ஷிஃப்ட் முழுக்க நிற்கிறவள், வீட்டுக்குப் போய் மாட்டுக்குத் தீவனம் போடுகிறவள், அவளுக்கு எதற்கு ஜிம் என்று எங்கள் எல்லோருக்கும் ஆச்சரியம். அவள் வீட்டுக்காரருக்கு ஆச்சரியத்தோடு கொஞ்சம் சந்தேகமும். ஆனால் அவள் ஒரு நாள்கூடத் தவறவில்லை. முகத்தில் தெளிவு வந்திருந்தது. லைனில் முன்பு அடிக்கடி தலைவலி என்று மாத்திரை கேட்பவள், அதையும் நிறுத்திவிட்டாள்.

கேன்டீனில் ஒருநாள் டீ கொடுக்கும்போது என்ன பயிற்சி செய்கிறாய் என்று கேட்டேன். எனக்கும் அது பலிக்குமா பார்க்கலாம் என்ற ஆசைதான். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணும் பண்றதில்லண்ணா. அங்க ஓரமா ஒரு சைக்கிள் இருக்குது, ஓட்டினாலும் எங்கயும் போவாது. அதுமேல உக்காந்துக்குவேன். ஃபேன் இருக்குது. ஃபோனை உள்ள எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு ரூல் போட்டிருக்காங்க. ஒரு மணி நேரம் யாரும் என்னை எதுக்கும் கூப்பிட மாட்டாங்க" என்றாள். பெண்களுக்கென்று இருக்கிற கோச் மேடம் திட்டினால் ரெண்டு மிதி மிதிப்பாளாம்.

இதை வீட்டில் வேடிக்கைபோல என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் ஒரு கையில் சப்பாத்திக் கட்டை, இன்னொரு பக்கம் அடுப்பில் பால், உள்ளே பையனுக்குக் கணக்கு. அவள் சிரிக்கவில்லை. மாவைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அது பக்கத்துல இன்னொரு சைக்கிள் காலியா இருக்குமா?"

மேடை

கிருஷ்ணகிரியில் ஆணழகன் போட்டி அறிவித்தார்கள். பிரகாஷ் பெயர் கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து தட்டு மாறியது. முதலில் சோறு போனது. அப்புறம் எண்ணெய், அப்புறம் உப்பு. கடைசி வாரத்தில் தண்ணீரையும் குறைத்துவிட்டான். தோல் ஒட்டினால்தான் தசை தெரியுமாம். கன்னம் குழிந்துவிட்டது. வரிசையில் நின்று தன் பங்குச் சோற்றைக் கூட்டாளியின் தட்டில் போடுவான். அவன் பிசைந்து சாப்பிடுவதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். "டேய், ஷிஃப்ட் வேலைடா இது" என்றேன். நாராயணப்பா மோரைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும்தாண்ணா" என்று இருவரிடமும் சிரித்தான். கோச்சும் இது வேண்டாம் என்று சொன்னாராம். ஃபோனில் யாரோ காட்டிய வழியைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் பாகங்கள் அடுக்கிய ட்ரேயைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் கன்வேயர் ஓரமாக அப்படியே மடிந்து விழுந்தான். கையுறை ரோலரில் சிக்கிக்கொண்டது. பக்கத்தில் நின்ற மஞ்சுளா கத்திக்கொண்டே பாய்ந்து நிறுத்தும் கயிற்றை இழுத்தாள். லைன் நின்றது. கையுறை கிழிந்து உள்ளே போய்விட்டது. விரல்கள் வெளியே இருந்தன. நெற்றியில் ட்ரே இடித்துப் பிளந்திருந்தது. எனக்குத் தகவல் வந்து நான் ஓடிப்போனபோது அவனை முதலுதவி அறையில் படுக்க வைத்திருந்தார்கள். கம்பெனி டாக்டர் வந்து சலைன் ஏற்றித் தையல் போட்டார். மஞ்சுளா சுவரோரம் உட்கார்ந்து தன் விரல்களையே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கண் விழித்ததும் டாக்டர் சொல்லித்தான் கஞ்சி கொண்டுபோனேன். உப்புப் போட்ட கஞ்சி, கொஞ்சம் மோர். முதல் வாய் உள்ளே போனதும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "வேலை போயிடுமாண்ணா?" என்றான். எனக்கும் அதே பயம்தான். ட்ரெயினியை அனுப்புவதற்கு ஒரு காரணமே போதும். இது பெரிய காரணம். தங்கை கல்யாணம் வேறு வைத்திருக்கிறார்கள். நேராக ஹெச்.ஆர். மேடம் அறைக்குப் போனேன். லைன் லீடர் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்து, இவனை வைத்திருப்பது ஆபத்து என்று பேசிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நான் சொன்னேன், "மேடம், அவனை வெளிய அனுப்பிட்டா, சாப்பிடறானா இல்லையான்னு பாக்க அங்க யாரும் கிடையாது. இங்கன்னா நான் இருக்கேன்."

மேடத்தின் மேஜையில் ஒரு சின்ன டப்பா திறந்திருந்தது. உள்ளே பப்பாளித் துண்டு கொஞ்சம். அன்றைக்கு அவருடைய மத்தியானச் சாப்பாடு அவ்வளவுதான் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அவர் அதை மூடித் தள்ளி வைத்துவிட்டு, "மெஷின் பக்கம் வேண்டாம், பேக்கிங்குக்கு மாத்திடுங்க" என்று லைன் லீடரிடம் சொன்னார். என்னிடம், "தினமும் உங்க கண்ணு முன்னாடி சாப்பிடணும்" என்றார். நான் கும்பிட்டுவிட்டுக் கதவருகே வந்தபோது, ரொம்பத் தயக்கத்தோடு பின்னாலிருந்து குரல் வந்தது, சாம்பார் சாதம் மிச்சம் இருக்கிறதா என்று. இருந்தது. நெய் விட்டு அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரகாஷ் போட்டிக்குப் போகத்தான் செய்தான், தலையில் கட்டோடு, வேடிக்கை பார்க்க. பெயர் கொடுத்தவன் மேடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது லேசான காரியமில்லை. திங்கட்கிழமை எப்படி இருப்பானோ என்று நானும் நாராயணப்பாவும் காத்துக்கொண்டிருந்தோம். வந்தான். சோறு வாங்கினான், சாம்பார் வாங்கினான், முட்டை நாள் இல்லாவிட்டாலும் நாராயணப்பா அவனுக்காக அவித்து வைத்திருந்த முட்டையை முழுசாக வாங்கினான். என் எதிரே உட்கார்ந்து கடைசிப் பருக்கை வரை தின்றான். "எப்படிடா இருந்தது போட்டி?" என்று மெதுவாகக் கேட்டேன். விரலை நக்கிக்கொண்டே சொன்னான்: "எல்லாருக்கும் செம உடம்புண்ணா. ஆனா நடுவர் இந்தப் பக்கம் திரும்புன்னா, அத்தனை பேரும் எதிர்ல இருந்த பிரியாணிக் கடைப் பக்கமே திரும்பி நிக்கிறாங்க."

என்னைக் கேட்டால், ஜிம்முக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன், சாம்பாரையும் ருசி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஒன்றில் இறங்குவது மற்றொன்றில் ஏறிவிடுகிறது. மொத்தத்தில் எங்கள் கம்பெனியில் எல்லோரும் எடையைக் குறைக்க இவ்வளவு பாடுபட்டதில் உண்மையாகவே குறைந்தது ஒன்றுதான், தட்டில் போட்டதைப் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கை.